லெப்பிக் வீடு, புலே வீடு, எங்கள் வீடு

நான் தொலைக்காட்சித் தொடர் பார்ப்பதில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவன். அது முழு உண்மையில்லை. என் மனைவியே ஒரு நாள் நாலு பேர் முன்னால் போட்டு உடைத்துவிட்டாள். "பொய் சொல்லாதீங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல ஹால்ல உட்கார்ந்து தனியா சிரிக்கிறது யாராம்?" என்றாள். ஆகவே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் ஒரு பிரெஞ்சுக் குடும்பத் தொடருக்கு ரசிகன். எழுபத்து நாலு வயதில் இது ஒரு பலவீனம் என்றால், இருந்துவிட்டுப் போகட்டும்.

என் அத்தை வீட்டுக்காரர் சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. அந்தக் குடும்பம் அப்போதே பிரான்சுக்குப் போய்விட்டது. அத்தை மகன், எனக்கு அத்தான் முறை, பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்காக வந்தபோது சென்ட் பாட்டிலும் சாக்லெட்டும் கொண்டு வந்தார். கூடவே ஒரு டிவிடி பெட்டியையும் கொடுத்து, "நீதான் பிரெஞ்சில் படித்தவனாச்சே, பாரு" என்றார். அட்டையில் 'ஃபே பா சி, ஃபே பா சா' என்று போட்டிருந்தது. தமிழில் சொன்னால், 'இதைப் பண்ணாதே, அதைப் பண்ணாதே'.

தலைப்பைப் பார்த்ததுமே எனக்குக் கோபம் வந்தது. காரணம் இலக்கணம். பிரெஞ்சில் ஒன்றைச் செய்யாதே என்று சொல்ல இரண்டு சொல் வேண்டும். வினைக்கு முன்னால் 'ந', பின்னால் 'பா'. அந்த 'ந' இந்தத் தலைப்பில் இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் அதை விட்டுவிட்டு எழுதினால் சிவப்பு மையால் கோடு விழும். பேசும்போது விட்டால் விரல் மூட்டில் அளவுகோல் விழும். நான் படித்த காலத்தில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிவிட்டது. ஆனால் எங்கள் வகுப்பில் அந்த 'ந' மட்டும் இறங்கவே இல்லை. அப்படிப்பட்டவனிடம் தலைப்பிலேயே 'ந'வை விழுங்கிய தொடரைக் கொடுத்தால்?

பிறகுதான் தெரிந்தது, அந்தத் தலைப்பு ஜாக் துத்ரோன் 1968இல் பாடிய ஒரு பாட்டின் பெயர். எழுதியவர் ஜாக் லான்ஸ்மன். பெற்றவர்கள் பிள்ளைகளைப் பார்த்து நாள் முழுக்கப் போடும் கட்டளைகளையே அடுக்கி அடுக்கிச் செய்த பாட்டு. தொடருக்கும் அதுதான் முகப்பு இசை. வீட்டில் பிள்ளையை அதட்டுகிற எந்த அப்பனும் இலக்கணம் பார்த்து அதட்டுவதில்லை. இது புரிந்ததும் 'ந' போனதை மன்னித்துவிட்டேன்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரான்ஸ் 2 தொலைக்காட்சியில் 2007இல் ஆரம்பித்து 2017 வரை ஒன்பது பருவங்கள் வந்தது. உருவாக்கியவர்கள் ஆன் ஜியாஃபெரி, தியெரி பிஸோ என்ற கணவன் மனைவி. கதை நடப்பது பாரிசுக்குப் பக்கத்தில் உள்ள செவ்ர் என்ற ஊரில். இரண்டு குடும்பங்கள்.

ஒன்று லெப்பிக் குடும்பம். அப்பா ரெனோ, தண்ணீர்க் குழாய் செய்யும் கம்பெனியில் அதிகாரி. அம்மா ஃபாபியென் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவள். நாலு பிள்ளைகள். எல்லாவற்றுக்கும் சட்டம் உள்ள வீடு அது. படிப்பு, மார்க்கு, சாப்பாட்டு மேஜையில் உட்காரும் விதம் எதிலும் விட்டுக்கொடுப்பதில்லை. இன்னொன்று புலே குடும்பம். அங்கே அம்மா வலேரி வேலைக்குப் போகிறவள். அப்பா தெனி வீட்டோடு இருப்பவர். வலேரிக்கு முந்தைய உறவில் பிறந்த பெண் ஒருத்தி, இவர்கள் இருவருக்கும் பிறந்த பையன் ஒருவன். அந்த வீட்டில் சட்டம் கிடையாது, பேச்சுவார்த்தைதான். பிள்ளையைத் தூங்க வைப்பதற்குக்கூட மாநாடு கூட்டுவார்கள்.

ரெனோவாக வருபவர் கியோம் த தோன்கெதெக். வேறொரு படத்துக்காக 2013இல் சேசார் விருது வாங்கியவர். ஃபாபியெனாக வலேரி போன்தோன். வலேரி என்ற பாத்திரத்தில் நடிப்பது இசபெல் ஜெலினா. இந்த வலேரி குழப்பம் எனக்குத் தீரவே ஒரு மாதம் ஆயிற்று. தெனியாக வருபவர் ப்ருனோ சலோமோன். நாலு பேரில் எனக்குப் பிடித்தவர் போன்தோன். அந்த அம்மாள் சிரிக்க வைக்க முயற்சி எதுவும் செய்வதில்லை. மூச்சுவிடாமல் ஒரு கவலையிலிருந்து இன்னொரு கவலைக்குத் தாவுவார், அவ்வளவுதான். நாம் சிரித்து முடித்த பிறகு, இதே கவலையை நம் வீட்டிலும் ஒருத்தி பட்டாளே என்று தோன்றும்.

இப்போது என் அபிப்பிராயத்துக்கு வருகிறேன்.

முதல் விஷயம், இதில் வில்லன் இல்லை. நம் மெகா தொடர்களில் ஒரு பெண்மணி கண்ணை உருட்டிக்கொண்டு, பாலில் எதையாவது கலந்துகொண்டு, சொத்துப் பத்திரத்தைத் தேடிக்கொண்டே இருப்பாள். நான் முப்பத்தாறு வருடம் அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் மனுக்களைப் படித்திருக்கிறேன். பாலில் கலந்த குடும்பம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. நான் பார்த்ததெல்லாம், நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டே ஒருவரை ஒருவர் நோகடித்துக்கொண்ட குடும்பங்கள். லெப்பிக் வீடும் புலே வீடும் அந்த ரகம்.

தமிழிலும் இப்படி வந்திருக்கிறது. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து ராஜ் டிவியில் வந்த 'ரமணி வெர்சஸ் ரமணி' ஞாபகம் இருக்கிறதா? கணவன் பெயரும் ரமணி, மனைவி பெயரும் ரமணி. சண்டை உண்டு, சதி கிடையாது. அந்த ரகத்தை நாம் ஏன் கைவிட்டோம் என்பது எனக்கு இன்னும் ஆதங்கம்தான்.

இரண்டாவது, இந்தத் தொடர் கட்சி சேர்வதில்லை. முதலில் பார்க்கும்போது, சரி, லெப்பிக் கொடுங்கோலன், புலே நல்லவன், இதுதான் கதை என்று நினைத்தேன். இரண்டு பகுதி போனதும், கொஞ்சிக் கொஞ்சியே பிள்ளையைக் குழப்புகிறார்களே என்று புலேக்களின் மேல் எரிச்சல் வந்தது. அதற்கடுத்த பகுதியில் மறுபடி லெப்பிக்கின் மேல். கண்டிப்பும் தோற்கிறது, செல்லமும் தோற்கிறது. ஆனால் இரண்டு வீட்டிலும் பிள்ளைகள் எப்படியோ வளர்ந்து விடுகிறார்கள். போகப் போக லெப்பிக் வீட்டுப் பையனுக்கும் புலே வீட்டுப் பெண்ணுக்கும் காதல் வேறு வந்துவிடுகிறது. இரண்டு கொள்கைக்காரர்களும் ஒரே விருந்து மேஜையில் உட்கார வேண்டிய தலைவிதி.

குறையும் சொல்லிவிடுகிறேன். முதல் பருவம் இருபத்தாறு நிமிடப் பகுதிகள், மொத்தம் பன்னிரண்டு. யாரோ ஆவணப்படம் எடுப்பதுபோல, பெற்றோரும் பிள்ளைகளும் காமிராவைப் பார்த்துத் தனித்தனியாக வாக்குமூலம் கொடுப்பார்கள். அப்பா ஒன்று சொல்வார், உடனே பிள்ளை அதற்கு நேர்மாறாகச் சொல்லும். அதுதான் அதன் உயிர். இரண்டாம் பருவத்திலிருந்து ஐம்பத்திரண்டு நிமிடமாக நீட்டினார்கள், வாக்குமூலத்தையும் எடுத்துவிட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ரசத்தில் வெந்நீர் ஊற்றியது போல. கடைசிப் பருவங்களில் பாத்திரங்களின் மேல் உள்ள பாசத்தில்தான் பார்த்தேன். கண்டிப்பான ரசிகனாக என் தீர்ப்பு: முதல் நான்கு பருவங்கள் போதும்.

பிள்ளைகள் பேசும் பிரெஞ்சும் எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. அவர்கள் சொல்லைத் திருப்பிப் போட்டுப் பேசுகிறார்கள். பைத்தியத்துக்கு 'ஃபூ' என்று எங்கள் வாத்தியார் சொல்லிக் கொடுத்தார். அங்கே பிள்ளைகள் 'ஊஃப்' என்கிறார்கள். நாம் சின்ன வயதில் 'க' பாஷை பேசி அம்மாவை ஏமாற்றினோமே, அந்த மாதிரி. திரையின் கீழே எழுத்தை ஓட விட்டு, ரிமோட்டில் நிறுத்தி நிறுத்தித்தான் பார்த்தேன்.

கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் மாலையில் நாங்கள் நாலைந்து பேர் உட்காருவோம். என் புகழ்ச்சியைக் கேட்டு ஒரு நண்பர் சீறினார். "அவன் ஊர்ல புருஷன் மாத்துவான், பொண்டாட்டி மாத்துவான், பதினாறு வயசுப் பொண்ணு பையனை வீட்டுக்குக் கூட்டிட்டு வருவா. அந்தக் குடும்பத்துல நமக்கு என்னய்யா கத்துக்க இருக்கு?" என்றார். அன்றைக்கு அவருக்குச் சரியான பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன். அதற்கு முன்னால் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெருமையான கதை இல்லை.

1989ஆம் வருடம். என் மகனுக்குப் பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 29 மார்க். ரேங்க் கார்டை என்னிடம் காட்டப் பயந்து, என் கையெழுத்தை அவனே போட்டுக் கொடுத்துவிட்டான். நானோ ஆபீசில் நாளெல்லாம் கையெழுத்துகளைச் சரிபார்க்கிற ஆள். என் கையெழுத்தின் கடைசியில் ஒரு சுழி வரும். அவன் அந்தச் சுழியை எதிர்ப்பக்கமாகச் சுழித்திருந்தான். அடுத்த தேர்வுக்குக் கார்டு வந்தபோது ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டேன்.

அடிக்கவில்லை. அடித்திருந்தாலே தேவலை என்று இப்போது தோன்றுகிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு தாளை எடுத்து அவனுக்கு மெமோ எழுதினேன். ஆபீசில் எழுதுவது போலவே, பொருள், பார்வை எல்லாம் போட்டு. 'மேற்படி செயலுக்கு உங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்கவும்.' அதை அவன் புத்தகப் பையின் மேல் வைத்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டேன். விளக்கம் வரும்வரை அவனோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் என் மேஜையில் விளக்கம் இருந்தது. 'மதிப்பிற்குரிய அப்பா அவர்களுக்கு' என்று தொடங்கி, தனக்குக் கணக்கு புரியவில்லை என்றும், கேட்டால் நான் கத்துவேன் என்று பயந்ததாகவும், இனிமேல் அப்பாவின் கையெழுத்தைப் போட மாட்டேன் என்றும் எழுதியிருந்தான். கீழே 'தங்கள் கீழ்ப்படிந்த மகன்'. நான் அதைப் படித்துவிட்டு ஓரத்தில் 'பார்த்தேன், கோப்பில் வைக்கவும்' என்று எழுதித் தேதி போட்டுக் கோப்பில் வைத்தேன். ஒழுங்கான தகப்பன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். 'கணக்கு புரியவில்லை' என்ற வரியைப் படித்தேனே தவிர, அது என் காதில் விழவில்லை.

இந்தப் பொங்கலுக்கு மகன் குடும்பத்தோடு சென்னையிலிருந்து வந்திருந்தான். பேத்தி பத்தாம் வகுப்பு. பள்ளியில் இரண்டாம் மொழி பிரெஞ்சு. தாத்தாவின் டிவிடி பெட்டியைப் பார்த்ததும் போடச் சொன்னாள். மூன்று தலைமுறையும் ஹாலில் உட்கார்ந்தோம். ரெனோ லெப்பிக் பிள்ளைகளின் படிப்பைப் பிடித்துக்கொண்டு பிரசங்கம் செய்கிற இடம். நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க மகன் சிரித்துக்கொண்டே இருந்தான். திடீரென்று நிறுத்தி, "அப்பா, அந்த மெமோ ஞாபகம் இருக்கா?" என்றான்.

"என்ன மெமோ?" என்று பேத்தி கேட்டாள். மனைவி உள்ளேயிருந்து, "கேளு, நல்லாக் கேளு" என்றாள். நான் எழுந்து பீரோவைத் திறந்து கோப்பை எடுத்து வந்தேன். பேத்தி மெமோவை வாய்விட்டுப் படித்தாள். 'பார்வை' என்ற இடத்தில் ரேங்க் கார்டின் தேதியைக் குறிப்பிட்டிருந்ததைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். எல்லோரும் சிரித்தோம். பிறகு அவள் விளக்கக் கடிதத்தை எடுத்தாள். பாதியில் அவள் குரல் இறங்கிவிட்டது. மகன் எழுந்து மாடிக்குப் போய்விட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து நானும் மாடி ஏறினேன். முழங்கால் வலியோடு ஏறியதால் மெதுவாகத்தான் போனேன். அவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். ஐம்பது வயதை நெருங்கும் மகனிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது? எனக்குத் தெரிந்தது ஆபீஸ் பாஷைதான். "அது நான் போட்ட தப்பான ஆர்டர்டா" என்றேன்.

"விடுங்கப்பா. அதையெல்லாம் நான் மனசுல வச்சுக்கல" என்றான். அப்புறம் கொஞ்சம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னான். "ஆனா ஒண்ணுப்பா. என் பொண்ணுக்கு மட்டும் எந்த ஆர்டரும் போடக் கூடாதுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அதற்கு முந்தின வாரம் பேத்தி என்னோடு போனில் பேசியிருந்தாள். பிளஸ் ஒன்னில் பயாலஜி எடுப்பதா காமர்ஸ் எடுப்பதா என்று அவளுக்குக் குழப்பம். "அப்பாகிட்ட எதைக் கேட்டாலும் உன் இஷ்டம்மா, உன் இஷ்டம்மாங்கிறாரு தாத்தா. என் மேல அவருக்கு அக்கறையே இல்லையா?" என்றாள். நான் ஏதோ சமாதானம் சொல்லி வைத்துவிட்டேன்.

இதை அவனிடம் சொன்னேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்தால், அன்றைக்கு நான் கொடுத்த மெமோவைவிட இது பெரிய அடி போல இருந்தது. "அக்கறை இல்லாமலா? அவளை பயமுறுத்திடக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டு இருக்கேன்பா" என்றான்.

நான் லெப்பிக்காக இருந்தேன். அதனால் என் மகன் புலே ஆகிவிட்டான். நான் பேசிப் பேசிப் பயமுறுத்தினேன், அவன் பேசாமல் பயமுறுத்துகிறான். கடற்கரை நண்பருக்கு என் பதில் இதுதான். அந்த ஊரில் யார் யாரைக் கட்டிக்கொள்கிறார்கள் என்பது எனக்கும் ஒட்டாத விஷயம்தான். ஆனால் பிள்ளையிடம் எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது, எவ்வளவு விடுவது என்ற தராசு எல்லா ஊரிலும் ஒரே தராசு. அது எனக்கு நீதிக் கதைகளில் கிடைக்கவில்லை, பெரியோர் சொற்பொழிவுகளில் கிடைக்கவில்லை. ஒரு குழாய்க் கம்பெனி அதிகாரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போது, நான் யாரைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று தெரிந்ததில் கிடைத்தது. யாராவது நேரில் வந்து நீ செய்தது தப்பு என்று சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன். சிரித்துக்கொண்டிருந்ததால் வாதாட இடமில்லாமல் போயிற்று.

தராசு என்றதும் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. செவ்ர் என்ற ஊரின் பெயர் எனக்கு இந்தத் தொடருக்கு முன்பே தெரியும். எங்கள் காலத்துப் பிரெஞ்சுப் பாடப் புத்தகத்தில் படித்தவர்கள் அனைவருக்கும் தெரியும். உலகத்துக்கே மூல எடையான கிலோகிராம் அங்கே உள்ள சர்வதேச எடை அளவுக் கழகத்தில்தான் இருக்கிறது. பிளாட்டினமும் இரிடியமும் கலந்த ஓர் உருளை. 1889 முதல் அதுதான் கிலோ. கண்ணாடிக் கூண்டுகளுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். ஆனால் நூறு வருடம் கழித்து அதன் பிரதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒன்றுக்கொன்று ஐம்பது மைக்ரோகிராம் அளவுக்கு வித்தியாசம் வந்திருந்தது. கடைசியில் 2019இல் அந்த உருளையை ஓய்வு பெறச் செய்து, இயற்பியல் மாறிலி ஒன்றைக் கொண்டு கிலோவை வரையறுத்துவிட்டார்கள். கண்ணாடிக்குள் வைத்துக் காத்த எடைக்கல்லின் கதியே அப்படி. நான் வீட்டில் எடைக்கல்லாக இருந்தேன் என்று நினைத்துக்கொண்டதை என்ன சொல்ல?

மறுநாள் காலை, காப்பி குடித்துக்கொண்டே மகன் தன் பெண்ணிடம், "என்னைக் கேட்டா நான் காமர்ஸ்னுதான் சொல்வேன். ஏன்னு சொல்றேன், கேட்டுட்டு நீ முடிவு பண்ணு" என்று ஆரம்பித்தான். அவள் விடுவாளா? இரண்டு மணி நேரம் சண்டை. அவன் ஒரு பட்டியல் போட்டான், அவள் ஒரு பட்டியல் போட்டாள். வீட்டில் ஒரே சத்தம். "என்னங்க, ரெண்டு பேரையும் கொஞ்சம் அடக்குங்களேன்" என்று மனைவி சொன்னாள். நான் அடக்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தில், தன்னோடு சண்டை போட ஓர் அப்பா கிடைத்த சந்தோஷம் நன்றாகத் தெரிந்தது. கடைசியில் அவள் பயாலஜிதான் எடுக்கப் போகிறாள். அது இங்கே முக்கியம் இல்லை.

பிரெஞ்சு தெரிந்த நண்பர்கள் முதல் பருவத்தையாவது பாருங்கள். பேரப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்தால் இன்னும் நல்லது. உங்கள் பிள்ளைகளோடு பார்ப்பதாக இருந்தால், பீரோவில் என்னென்ன பழைய காகிதம் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு உட்காருங்கள்.

அந்தக் கோப்பு இப்போது என்னிடம் இல்லை. ஊருக்குக் கிளம்பும்போது பேத்தி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். "இது எதுக்கும்மா உனக்கு?" என்று கேட்டேன். "அப்பா எப்பவாவது எனக்கு மெமோ குடுத்தா காட்டறதுக்கு, தாத்தா" என்றாள்.